நெதியால்கா எழுதாத ஒரு வரி

நெதியால்கா மினேவாவைச் சாந்தமான பெண்மணி என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அவள் மெயிலில் "அன்புள்ள", "தயவுசெய்து", "நன்றி" மூன்றும் தவறாமல் இருக்கும். அதை வைத்துச் சொல்கிறார்கள். இங்கே எங்கள் பிளவ்திவ் நகரத்தில், ட்ராக்கியா குடியிருப்பில், அவள் வீட்டுக்குக் கீழே கறிக்கடை வைத்திருக்கிறவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான். அவன் ஒருமுறை எடையில் கை வைத்தான். நெதியால்கா சண்டை போடவில்லை. அன்றிலிருந்து அவன் கடை வாசல் வழியாகவே போகிறாள், அவனுக்கு வணக்கம் சொல்கிறாள், இரண்டு தெரு தள்ளி வேறு கடையில் இறைச்சி வாங்குகிறாள், பை நன்றாகத் தெரியும்படி அதே வழியாகத் திரும்பி வருகிறாள். மறுபடியும் வணக்கம். அவள் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஆரம்பித்தது. மகள் இப்போது வியன்னாவில் வேலை பார்க்கிறாள். வணக்கம் இன்னும் நிற்கவில்லை.

எங்கள் ஊரில் குளிர்காலத்துக்கென்று ஊறுகாய் ஜாடிகளை நிலவறையில் அடுக்கி வைப்போம். நெதியால்கா கோபத்தையும் அப்படித்தான் அடுக்கி வைப்பாள். மூடி இறுக்கமாக இருக்கும், உள்ளே கெடாது. அவளிடம் இப்படி ஒரு ஜாடி இருந்தது தெரியாமல் க்ரூம் அவளைத் தொட்டான். அதைத்தான் சொல்லப்போகிறேன். நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் அவள் பக்கம்.

க்ரூம் யார் என்று முதலில் சொல்ல வேண்டும். பேருந்து நிறுத்தங்களில் "உங்கள் பேருந்து இன்னும் மூன்று நிமிடத்தில்" என்று காட்டும் பலகை இருக்கிறதல்லவா, அதை ஓட்டும் மென்பொருள் ஒன்றை அவன் மாணவனாக இருந்தபோது எழுதினான். பெரோன் என்று பெயர் வைத்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம், ஒரு காசும் தர வேண்டாம் என்று பொதுவில் வைத்தான். இன்று போர்ச்சுகலிலும் லித்துவேனியாவிலும்கூடச் சின்னச் சின்ன ஊர்களின் பலகைகளில் அதுதான் ஓடுகிறது. நல்ல காரியம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் க்ரூம் என்பது எங்கள் பழைய ராஜா ஒருவரின் பெயர். தோற்ற எதிரியின் மண்டையோட்டைக் கிண்ணமாக்கி மது குடித்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பெயர் வைத்த அம்மாவுக்குத் தீர்க்கதரிசனம். திருத்தம் அனுப்புகிறவன் புதியவனாக இருந்துவிட்டால் போதும், இவன் வாயிலிருந்து வருவதைப் படித்துவிட்டு அவன் கணினியையே மூடிவிடுவான். கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "மேதை, அப்படித்தான் பேசுவான்."

நெதியால்கா பெரோனுக்குள் வந்ததே ஒரு கோபத்தில்தான். ஒரு குளிர்காலக் காலையில் காய்ச்சலில் கொதிக்கும் மகளைத் தூக்கிக்கொண்டு நிறுத்தத்தில் நின்றிருக்கிறாள். பலகை மூன்று நிமிடம் என்கிறது. வெகுநேரம் கழித்தும் மூன்று நிமிடம் என்றே சொல்கிறது. மகளுக்குக் குணமானதும் முதல் வேலையாக அந்தப் பலகைக்குள் என்ன ஓடுகிறது என்று தேடிக் கண்டுபிடித்தாள். பகலில் மரச்சாமான் நிறுவனம் ஒன்றில் கணினி வேலை பார்ப்பவள், அவளுக்கு அது படிக்கத் தெரியும். தாமதத்தைக் கணக்கிடும் இடத்தில் பிழை இருந்தது. திருத்தி அனுப்பினாள். அதன் பிறகு தாமதம் சம்பந்தப்பட்ட பகுதி முழுவதையும் மெல்ல மெல்ல அவளே எழுதி முடித்தாள். மகள் வியன்னா போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவன் கெனாதி, நிலவறை ஜாடிகள், பெரோன். வாரக்கடைசியில் நாங்கள் மலைக்குப் போகக் கூப்பிட்டால், "எனக்கு ஆறு திருத்தம் பாக்க வேண்டியிருக்கு கலினா, நீங்க போங்க" என்பாள். கலினா நான்தான். பெரோனின் வாசகங்களை எங்கள் மொழிக்கு மாற்றுகிறவள்.

பெரோனில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு உண்டு: க்ரூம், நெதியால்கா, நான், வெளிநாட்டில் இரண்டு பேர். அந்த ஐவரிடம்தான் சாவி இருக்கும். சாவி என்றால் வெளியிலிருந்து வரும் திருத்தங்களை ஏற்று உள்ளே சேர்க்கும் உரிமை. குழு எதையும் முடிவு செய்ய ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒருவர் யோசனையை எழுதிப் பொதுவில் போட வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் குழுவில் ஒருவராவது காரணத்தோடு "எதிர்க்கிறேன்" என்று எழுதினால் யோசனை நிற்கும். யாரும் எழுதாவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. ஆளுக்கு ஒரு நாட்டில் ஆளுக்கு ஒரு வேலையில் இருக்கிறோம், எல்லாவற்றுக்கும் கை தூக்கச் சொல்லி யார் காத்திருப்பது? அதனால் இந்த வழக்கம். நன்றாகத்தான் நடந்தது, நல்லவர்கள் கையில் இருந்தவரை.

செஃபெரினோ என்று போர்ச்சுகலில் ஒரு எலக்ட்ரீஷியன். அவர் மனைவிக்குக் கண் பார்வை மிகவும் குறைவு. பலகையில் எழுதியிருப்பதை வாய்விட்டுச் சொல்லும்படி ஒரு திருத்தம் செய்து அனுப்பினார். பழக்கமில்லாத கை, கொஞ்சம் கோணல்மாணலாகத்தான் இருந்தது. க்ரூம் பொதுவில் எழுதினான்: "இதைக் கையால் எழுதினாயா, காலால் எழுதினாயா?" நெதியால்கா அதன் கீழேயே பதில் போட்டாள்: "க்ரூம், குறை இருந்தால் வேலையில் சொல். ஆளைச் சொல்லாதே. அவரிடம் மன்னிப்புக் கேள்." அத்தனை வருடத்தில் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. க்ரூம் பதிலே எழுதவில்லை. செஃபெரினோ போய்விட்டார், திருத்தமும் போய்விட்டது. க்ரூம் அடங்கிவிட்டான் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். அவன் ஈஸ்டருக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் ஈஸ்டர் அந்த வருடம் மேற்கத்தியர்களின் ஈஸ்டர் முடிந்து வெகுநாள் கழித்து வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் க்ரூம் ஒரு மெயில் போட்டான். தலைப்பு: "அணுகல் உரிமைகளைச் சீர்செய்தல்". அதைவிடத் தூக்கம் வரவழைக்கும் தலைப்பை யாராலும் யோசிக்க முடியாது. உள்ளே நெதியால்காவின் சாவியைத் திரும்பப் பெறும் யோசனை. காரணம்: "குழுவின் அமைதியைக் குலைக்கிறார்." வெளிநாட்டில் இருந்த இரண்டு பேரும், இதெல்லாம் பேசி வைத்துச் செய்கிற வேலை என்று நினைத்துப் படிக்காமலே விட்டுவிட்டார்கள். நாங்களோ கணினியைத் தொடவில்லை. யார் தொடுவார்கள்? சாயம் போட்ட முட்டையும் இனிப்பு ரொட்டியும் ஆட்டுக்கறியுமாக இருந்தோம். நெதியால்கா அசெனோவ்கிராதில் கெனாதியின் தம்பி வீட்டில் இருந்தாள். முட்டையோடு முட்டை மோதும் விளையாட்டில் அவளுடைய சிவப்பு முட்டை அத்தனை பேருடையதையும் உடைத்துவிட்டது. திங்கட்கிழமை மத்தியானத்தோடு எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்தது. க்ரூமும் எங்கள் ஊர்க்காரன்தான், அவன் வீட்டிலும் அன்று முட்டை உடைத்திருப்பார்கள். தெரிந்தே செய்தான் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் திறந்து பார்த்தபோது சாவி இல்லை. பொறுப்பாளர் பெயர்களில் அவள் பெயர் இல்லை. ஒரு மெயில் மட்டும் இருந்தது. "நெதியால்கா, இத்தனை ஆண்டு உழைப்புக்கு நன்றி. உங்கள் திருத்தங்களை இனியும் வரவேற்கிறோம். க்ரூம்."

நான் போன் போட்டேன்.

"அக்கா, பாத்தியா? அந்த நாய் என்ன பண்ணியிருக்கான் பாரு!"

"பாத்தேன்."

"வெளிய வந்துரு. மொத்தத்தையும் ஒரு காப்பி எடுத்துப்போம், வேற பேர் வெப்போம். பாதிப் பேர் உன் பின்னாடி வருவாங்க. நான் வரேன்."

எங்கள் உலகத்தில் அது சட்டப்படி சரி. சண்டை வந்தால் பிரதி எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போவது அடிக்கடி நடப்பதுதான். பின்னால் கெனாதி ஏதோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"என் வீட்ட விட்டு நான் எதுக்குப் போகணும்?" என்றாள். "அவன் போகட்டும். அவன் என்னை அனுப்புன அதே வாசல் வழியா போகட்டும். ஆனா திருட்டுத்தனமா இல்ல. பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க."

"எப்படிக்கா?"

"மரியாதையா."

அந்த வாரமே ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினாள், சாவி இல்லாத வெளியாளாக. யார் வேண்டுமானாலும் அனுப்பலாமே. "அன்புள்ள க்ரூம், நேரம் கிடைக்கும்போது பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்." க்ரூம் தொடவில்லை. ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. என்னைத் தொட வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள். வாரம் ஒருமுறை அவள் நினைவூட்டினாள். ஒவ்வொரு நினைவூட்டலும் முந்தையதைவிட மரியாதையாக இருந்தது. மே போனது, ஜூன் போனது.

இதற்கிடையில் வெளிநாட்டு ஆட்களுக்கு ஈஸ்டர் விஷயம் புரிந்து வெட்கம் பிடித்துக்கொண்டது. பேச்சு ஒழுங்குக்கு விதிகள் வேண்டும் என்று கிளப்பினார்கள். இங்கேதான் க்ரூம் புத்திசாலித்தனம் செய்தான். எதிர்த்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்து முன்னால் வந்து நின்றுகொண்டான். விதியை அவனே எழுதினான்: "குழுவில் யாராக இருந்தாலும், ஒருவரை இழிவாகப் பேசியதற்காக மூன்று முறை எச்சரிக்கப்பட்டால், அவரை நீக்க யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். எழுபத்திரண்டு மணி நேரத்தில் குழுவில் வேறு எவரும் காரணத்தோடு எதிர்க்காவிட்டால் நீக்கம்." நெதியால்கா திரும்பி வந்தால் எப்படியும் ஒருநாள் வெடிப்பாள், இதை வைத்து நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்பது அவன் கணக்கு. "யாராக இருந்தாலும்" என்று எழுதியது அவன் கைதான். நியாயவான் மாதிரி தெரிய வேண்டுமே!

நெதியால்கா ஒரே ஒரு வாசகம் சேர்க்கச் சொன்னாள். எந்த நாட்டின், எந்த மதத்தின் பண்டிகை நாளானாலும், யாராவது கேட்டால் அந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதை எதிர்க்க க்ரூமுக்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் இல்லாத எதிர்ப்புச் செல்லாது.

செப்டம்பர் வந்தது. ஊரே மிளகாய் வாசனையில் மிதக்கும் மாதம். ஒவ்வொரு மாடி முகப்பிலும் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து ஜாடியில் அடைத்துக்கொண்டிருப்பார்கள். நெதியால்கா தன் வழக்கமான நினைவூட்டலை அனுப்பினாள். அன்று க்ரூமுக்கு வாய் நிற்கவில்லை. "மிளகாய்க் காலம் வந்தாயிற்றே, போய் அடுப்பைப் பார். மென்பொருளை எங்களிடம் விடு" என்று பொதுவில் எழுதிவிட்டான். உலகம் முழுக்க அத்தனை பேரும் படிக்கிற இடத்தில்.

நான் படித்துவிட்டுக் கையில் இருந்த கத்தியோடு அவள் வீட்டுக்கு ஓடினேன். கத்தி மிளகாய் வெட்ட வைத்திருந்தது, தப்பாக நினைக்க வேண்டாம். நெதியால்கா மாடி முகப்பில் உண்மையிலேயே மிளகாய்தான் சுட்டுக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கரி.

"சிரிக்கிறியா அக்கா?"

"வாயத் தொறந்துட்டான்டி" என்றாள். "நாலு மாசமா தொறக்க வெக்கப் பாக்கறேன்."

கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பதில் எழுதினாள்: "அன்புள்ள க்ரூம், மிளகாய் முழுவதும் சுட்டு முடித்துவிட்டேன், அக்கறையோடு கேட்டதற்கு நன்றி. திருத்தம் மே மாதத்திலிருந்து காத்திருக்கிறது." அந்தப் பதிலுக்கு எத்தனை நாட்டிலிருந்து கைதட்டல் வந்தது தெரியுமா? க்ரூமுக்கு முதல் எச்சரிக்கை. திருத்தத்தைக் குழுவில் வேறொருவர் அன்றைக்கே ஏற்றுச் சேர்த்தார். அடுத்த மாதம் குழுவுக்கு வருடாந்திரத் தேர்தல் வந்தபோது நெதியால்கா ஜெயித்து உள்ளே வந்தாள். சாவி திரும்பி வந்தது. அதோடு விட்டிருக்கலாம் என்று நல்லவர்கள் சொல்வார்கள். அவள் அடைத்த ஜாடி இன்னும் திறக்கப்படவில்லை.

இரண்டாவது எச்சரிக்கை தானாகவே வந்தது. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கும் இரவன்று, லித்துவேனியாவில் ஒரு ஊரின் பலகைகள் ஏற்கெனவே போய்விட்ட பேருந்துகளை மறுபடி வரப்போவதாகக் காட்டின. பிழை க்ரூம் மாணவனாக இருந்தபோது எழுதிய வரிகளில் இருந்தது. அதைச் சொன்ன பெண்ணை அவன் முட்டாள் என்றான். பிழை இருந்தது நிஜம், முட்டாள் என்றதும் நிஜம். எச்சரித்தார்கள்.

மூன்றாவதை நெதியால்கா வரவழைத்தாள். இதையும் மறைக்கமாட்டேன். செஃபெரினோவுக்கு எழுதி, அந்தப் பேசும் பலகைத் திருத்தத்தை மறுபடி அனுப்பச் சொன்னாள். அவரோடு பல வாரம் உட்கார்ந்து வரிவரியாகச் சரி செய்தாள். பிறகு, "இதைப் பார்வையிட க்ரூமின் பெயரைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும்" என்றாள். அவர் எழுதிய பதில்: "தெரியும். நானும் அதற்காகத்தான் காத்திருக்கிறேன்." க்ரூம் அந்தத் திருத்தத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல், அதனாலேயே பொறுக்க முடியாமல், "இந்தத் தடவை யாருடைய கால் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டான். மூன்று.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு செஃபெரினோ முன்மொழிவைப் போட்டார். தலைப்பு ஒளிவுமறைவில்லாமல் இருந்தது: "க்ரூமைக் குழுவிலிருந்து நீக்குதல்". அவன் விஷயம் என்பதால் அவன் எதிர்ப்பு செல்லாது. மீதி நான்கு பேரில் ஒருவர் ஒரு வரி எழுதினால் போதும், க்ரூம் பிழைத்துக்கொள்வான். வெளிநாட்டு இருவரும் அவனால் சலித்துப் போயிருந்தார்கள். எனக்கு அவன் போன் செய்தான். அடிக்கட்டும் என்று மேசைமேல் வைத்துவிட்டு வெங்காயம் உரித்தேன்.

அன்று மாலை நெதியால்கா ஒரு மெயில் போட்டாள். "இந்த ஞாயிறு எங்களில் சிலருக்குப் பண்டிகை. அந்த நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்." திங்கள் காலை முடிய வேண்டியது செவ்வாய் காலைக்குத் தள்ளிப்போனது.

"எதுக்குக்கா அவனுக்கு ஒரு நாள் கூட?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் கூடத் தவிக்கட்டும்" என்றாள்.

க்ரூம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். அவள் இளகிவிட்டாள் என்று நினைத்தான். அந்த ஞாயிறு வேறு எந்த நாளும் இல்லை, மன்னிப்பு ஞாயிறு. நோன்பு தொடங்குவதற்கு முன்னால் சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் கையை முத்தமிட்டு மன்னிக்கச் சொல்ல வேண்டும், பெரியவர்கள் மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும். மாட்டேன் என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. அவளை வெட்ட ஒரு பண்டிகை பார்த்தவன், தான் தப்பிக்கவும் ஒரு பண்டிகை பார்த்தான்.

நானும் அன்று அங்கேதான் இருந்தேன். அவள் என்னைவிட மூத்தவள், மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். கெனாதியின் தம்பி குடும்பமும் வந்திருந்தது. மணி அடித்ததும் கெனாதி போய்க் கதவைத் திறந்தான்.

"நெதா! யாரு வந்திருக்கார் பாரு! மகாராஜாவே வந்திருக்கார்!"

க்ரூம் ஒரு பெட்டி ஹல்வாவும் ஒரு புட்டி ரக்கியாச் சாராயமுமாக நின்றிருந்தான். நேரே அவளிடம் போனான். குனிந்தான். கையை முத்தமிட்டான்.

"அக்கா, மன்னிச்சிடுங்க."

அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. நீங்க என்றும் கேட்டதில்லை.

"மன்னிச்சாச்சு. கடவுளும் மன்னிக்கட்டும்" என்றாள் நெதியால்கா. வழக்கமாகச் சொல்வதுதான், வழக்கமான குரலில்தான். "உக்காருங்க க்ரூம். பனிட்சா சூடா இருக்கு."

அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. பாலாடைக்கட்டி வைத்த அந்தப் பனிட்சாவை இரண்டு துண்டு சாப்பிட்டான். அதற்குள் கெனாதி மாவு தேய்க்கும் கட்டையில் சிவப்பு நூல் கட்டி, நூல் நுனியில் வெள்ளை ஹல்வாத் துண்டைத் தொங்கவிட்டான். அன்றைய விளையாட்டு அதுதான். கட்டையைப் பிடித்திருப்பவர் நூலை ஆட்டுவார், மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே கவ்வ வேண்டும். நெதியால்கா கணவனைப் பார்த்தாள்.

"வீட்டுக்கு வந்தவங்க ஆடாமப் போகக் கூடாது" என்றான் கெனாதி. "வாங்க மகாராஜா, கையைப் பின்னாடி கட்டுங்க."

என் கண்ணாலே பார்த்தேன். பெரோனின் க்ரூம், வாயைப் பிளந்துகொண்டு, ஆடுகிற ஹல்வாவுக்கு எட்டி எட்டிக் குதித்தான். கெனாதி ஒவ்வொரு தடவையும் கடைசி நொடியில் கட்டையை உயர்த்தினான். ஹல்வா மூக்கில் பட்டது, நெற்றியில் பட்டது, கன்னத்தில் மாவாக அப்பிக்கொண்டது. தம்பி குடும்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் கையை நீட்டிவிட்டான்.

"கை கூடாது க்ரூம்" என்றாள் நெதியால்கா. "விதி."

சிரித்துக்கொண்டே மறுபடி கையைக் கட்டினான். அந்தச் சிரிப்புக்கு அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. இனித்தது என்றே சொல்லிவிடுகிறேன்.

பிறகு அவன் அவளைத் தேடிச் சமையலறைக்கு வந்தான். நான் அடுப்பில் காபி வைத்துக்கொண்டிருந்தேன், நகரவில்லை.

"ஒரே வரி அக்கா. 'எதிர்க்கிறேன்'னு ஒரு வரி போடுங்க. உங்க கையில தான் இருக்கு."

"காரணம் எழுதணுமே. என்ன எழுதறது?"

"நான் ஆரம்பிச்சதுன்னு எழுதுங்க. படிக்கற காலத்துலேருந்து அதுக்குள்ளயே கெடக்கறேன். கல்யாணம் பண்ணல, ஊர் சுத்தல. எனக்கு அத விட்டா வேற எதுவும் இல்லக்கா."

நெதியால்கா கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "போன ஈஸ்டர் செவ்வாக்கிழமை எனக்கும் வேற எதுவும் இல்ல" என்றாள்.

"இப்பதானே மன்னிச்சேன்னு சொன்னீங்க!"

"மன்னிச்சேன். பொய் சொல்லல. அது நீங்க என்கிட்ட கேட்டது. இப்ப கேக்கறது பெரோனோட சமாச்சாரம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

"அப்ப எதுக்கு ஞாயித்துக்கிழமைய நிறுத்தி வெச்சீங்க? எனக்கு அவகாசம் குடுக்கத்தானே?"

"ஆமா, குடுத்தேன்" என்றாள். "எனக்கு நீங்க குடுக்கல இல்லையா?"

அவன் கண் கலங்கியது. அவள் மிச்ச பனிட்சாவைக் காகிதத்தில் சுற்றி அவன் கையில் கொடுத்து, வாசல்வரை போய், லிஃப்ட் வரும்வரை நின்று வழியனுப்பினாள். திரும்பி வந்ததும் கெனாதி மெதுவாகக் கேட்டான்.

"பாவமா இல்லையா நெதா?"

"இருக்கு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? பாவமா இருக்கு. காபி ஆறுது, குடி."

திங்கட்கிழமை க்ரூம் எல்லோருக்கும் ஒரு நீண்ட மெயில் எழுதினான். பேர் பேராகச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தான். அழகான கடிதம், படித்துவிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மத்தியானம் செஃபெரினோ நெதியால்காவுக்குத் தனியாக எழுதினார்: "என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். முன்மொழிவைத் திரும்பப் பெறட்டுமா?" முன்மொழிந்தவர் திரும்பப் பெற்றால் எல்லாம் முடிந்தது. நெதியால்கா அதை எனக்குக் காட்டினாள். பிறகு உட்கார்ந்து பதில் எழுதினாள். "அன்புள்ள செஃபெரினோ, முன்மொழிவு உங்களுடையது, முடிவும் உங்களுடையது. பேசும் பலகை வராத இந்த ஒரு வருடமும் நிறுத்தத்தில் சிரமப்பட்டிருக்கும் உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்."

படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு சொல்லில்கூடக் குறை காண முடியாது. செஃபெரினோ திரும்பப் பெறவில்லை.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு அவள் வீட்டுக்குக் கீழே நிறுத்தத்தில் நின்றோம், இரண்டு பேரும் வேலைக்குப் போகிற நேரம். பலகை நான்கு நிமிடம் என்றது. அவள் போனில் அறிவிப்பு வந்தது: எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை, முன்மொழிவு நிறைவேறியது. க்ரூமின் சாவியை எடுக்கும் வேலையை அவளே செய்தாள், நிறுத்தத்தில் நின்றபடியே, கையுறையைக் கழற்றிவிட்டு. பிறகு அவனுக்கு இரண்டு வரி தட்டினாள். எட்டிப் பார்த்தேன்.

"க்ரூம், இத்தனை ஆண்டு உழைப்புக்கு நன்றி. உங்கள் திருத்தங்களை இனியும் வரவேற்கிறோம். நெதியால்கா."

ஒரு எழுத்து மாற்றவில்லை, பெயர்களைத் தவிர. பேருந்து சொன்ன நேரத்துக்கு வந்தது.

அவன் எங்காவது போய்விடுவான், தனியாகப் பிரதி எடுத்துக்கொள்வான் என்று நான் எதிர்பார்த்தேன். போகவில்லை. மார்ச் பிறந்து நாங்கள் எல்லோரும் வசந்தத்தை வரவேற்றுக் கையில் சிவப்பு வெள்ளை நூல் கட்டிக்கொண்ட வாரத்தில், வெளியாள் க்ரூமிடமிருந்து ஒரு சின்னத் திருத்தம் வந்தது. "அன்புள்ள நெதியால்கா, நேரம் கிடைக்கும்போது பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்." நான் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. பெரோனை அவனைப்போல அறிந்தவர் யார்?

"சேத்துரலாமேக்கா" என்றேன்.

அவள் சன்னலோரமாக ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னோடது எப்ப உள்ள போச்சு?"

"மிளகாய்க் காலத்துல."

நெதியால்கா ஒரு ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், சுத்தமாக இருக்கிறதா என்று.

"இப்ப மார்ச்சுதானே ஆகுது" என்றாள்.